கூடப் போனவர்

பெரியவர்களுக்கும், பாட்டியை 'அக்கா' என்றே கூப்பிட்டுப் பழகிய அம்மாக்களுக்கும் வணக்கம். பாட்டி மறைந்து இன்றோடு ஓராண்டு. அழைப்பிதழில் 'சமூக சேவகி' என்று போட்டிருக்கிறோம். பாட்டி பார்த்திருந்தால், "நான் என்னப்பா செஞ்சேன், கூடத்தானே போனேன்" என்றிருப்பார். அந்தக் கூடப் போவதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலம். தாத்தாவுக்கு அங்கே பெயின்ட் அடிக்கும் வேலை. பாட்டி தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மலாய் பேசுவார். படிவம் நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அந்தக் குடியிருப்பில் அது போதும், வாசலில் ஆட்கள் வந்து நிற்க.

அடுத்த வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். தாலி கட்டியது கோயிலில், காகிதம் எதுவும் கிடையாது. கணவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டுப் போன அந்த அம்மாவிடம், ஓர் அலுவலகத்தில், "நீ மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். கழற்றிய தாலியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தவர், அவிழ்த்து மேசைமேல் வைத்தாராம். எத்தனை தடவை சொன்னாலும் பாட்டிக்கு இந்த இடத்தில் குரல் அடைத்துவிடும். குருக்களிடமும் கல்யாணத்துக்குச் சமைத்தவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு ஏழு தடவை அலைந்தார்கள். எட்டாவது தடவைதான் பணம் வந்தது.

அப்புறம் 1961 செப்டம்பர் 15 அன்று மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு மனைவிதான், திருமணத்தைப் பதிய வேண்டும் என்றானது. 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கிய ஷிரின் ஃபோஸ்தார் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற சட்டம் அது. பாட்டி அதை அடுப்படிவரை கொண்டுபோனார். கல்யாணம் என்று காதில் விழுந்தால் முதல் கேள்வி, "பதிஞ்சாச்சா?" ஊரில் ஒரு குடும்பம் இருக்க இங்கே இன்னொன்று தேடியவர்கள் தாத்தாவிடம் வந்து, "பொண்டாட்டியை அடக்கி வை" என்று கத்தினார்கள். தாத்தா அவர்களுக்குத் தே கலக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். தாத்தாவையும் இன்று நினைக்க வேண்டும்.

1968இல் பிரிட்டிஷ் படை வெளியேறப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. 1971க்குள் எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. இந்தியாவுக்குப் போகும் ரஜுலா கப்பலில் ஏற்றிவிட பாட்டியும் போவார். ஊர் முகவரியை நோட்டில் எழுதாமல் யாரையும் விட்டதில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எனக்குப் பாட்டிமேல் கோபமும் இருந்தது. பள்ளியில் நான் பரிசு வாங்கிய நாளில் யாருடனோ பலதுறை மருந்தகத்துக்குப் போய்விட்டார். இரவு வந்து என்னை எழுப்பி, மேடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். பாதித் தூக்கத்தில் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு சீன மூதாட்டி. அவரை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாட்டி என் கையை விடுவித்துக்கொண்டு, "தனியாப் போகுது பாரு. நீ கூடப் போ" என்றார்.

போனேன். திரும்பி வந்தபோது பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார்.