பாறை ஏன் கறுப்பாகவே வருகிறது?

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, நம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குப் போய் ராத்திரியில் ஆம்ஃபிதியேட்டர் என்ற பாறைச் சுவரைப் படம் எடுத்தேன். ஷட்டரை அரை மணி நேரம் திறந்தே வைத்தேன். நட்சத்திரம் கோடு கோடாக வந்திருக்கிறது, மலை மட்டும் ஒரே கறுப்பு. முன்னால் சின்னப் பாறையில் ஏறிய நண்பனின் ஹெட்லாம்ப் வெள்ளைக் கிறுக்கலாகிவிட்டது. எங்கே தப்பு?"

தம்பி, அமாவாசையை ஒட்டிப் போயிருப்பீர்கள். பால்வீதி எடுக்க அது சரி. ஆனால் அந்தச் சுவர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம், எந்த டார்ச்சும் எட்டாது. நிலாதான் நமக்கு விளக்கு. நம் ஊரில் நிலா வடக்கு வானத்தில்தான் உச்சிக்கு வரும். அந்தச் சுவரும் ஏறக்குறைய வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. அதனால் பௌர்ணமி கழிந்து ஏழெட்டு நாளில் போங்கள். நடுராத்திரி வாக்கில் பாதி நிலா கிழக்கே எழும்பி வர வர, வெளிச்சம் பாறை முகத்தில் விழும். பக்கவாட்டு வெளிச்சம் என்பதால் ஒவ்வொரு வெடிப்பும் தனியாகத் தெரியும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 30 விநாடி என்று தொடங்கிப் பாருங்கள்.

அரை மணி நேரத்தை ஒரே படமாக எடுக்காதீர்கள். சென்சார் சூடாகிப் புள்ளி புள்ளியாக வரும். 30 விநாடிப் படங்களாக 60 எடுத்துக் கணினியில் அடுக்குங்கள். ஹெட்லாம்ப் கெடுத்த படங்களில் அந்த இடத்தை மட்டும் கறுப்பாக்கிவிட்டால் கிறுக்கல் போய்விடும். ஒன்று முக்கியம்: கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (புள்ளி) குறைப்பை அணைத்துவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்துவிட்டேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுத்துக்கொண்டது. கோடெல்லாம் தையல் போட்ட மாதிரி விட்டு விட்டு வந்தது.

அப்புறம், நட்சத்திரக் கோடுகள் போடும் வட்டத்துக்கு நடுப்புள்ளி தேடுகிறவர்களுக்கு: கல்யாணத்தில் ஐயர் காட்டும் துருவ நட்சத்திரம் இங்கே தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை! தென்சிலுவையின் நீளவாட்டை நாலரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென்துருவப் புள்ளி கிடைக்கும், அதுதான் நடு. டிராக்கன்ஸ்பெர்க்கில் அது 29 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், சுவரைப் பார்த்து நின்றால் உங்களுக்கு இடப்பக்கம்.

கோடையில் மத்தியானம் இடிமழை வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். நம் குளிர்காலமான ஜூலையில் வானம் தெளிவு, ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சரி, அடுத்த கேள்வி.