கை நீட்டாத கொடுமை

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுச் சித்தூரில் வக்கீலாக இருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கேஸ்தான் என்னிடம் அதிகம் வரும்.

"அடிக்க மாட்டாருங்க வக்கீலம்மா, குடிக்கவும் மாட்டாருங்க." வருகிற பெண்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அப்புறம்தான் மற்றது வரும். பஸ் ஏறினால் வீடியோ கால் போட்டு, பக்கத்து சீட்டில் யார் என்று காட்ட வேண்டும். அவள் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப் பையில் இருக்கும். பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவோடு நாலு வார்த்தை பேசிவிட்டால் ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டார். ஊரார் முன்னால் தங்கமான மனிதர். கேட்டால், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்? உனக்குத்தான் புத்தி பிசகிப் போச்சு" என்பார். நாளாக ஆக, அவளுக்கே தன் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு, "அவர் நார்சிசிஸ்ட்ங்க", அதாவது தன்னைத் தவிர யாரையும் மதிக்காத சுபாவம் என்றே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சொல்லை மனுவில் நான் எழுதுவதில்லை. எழுதினால், "எந்த டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேஸ் அங்கேயே தடம் மாறிவிடும். ஒருவருடைய சுபாவத்தை அளக்க நீதிமன்றத்தால் ஆகாது. அவர் செய்ததை விசாரிக்கலாம்.

அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2005-இல் இயற்றி, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பேச்சாலும் மனத்தளவிலும் செய்கிற கொடுமை, பணத்தை மடக்குகிற கொடுமை எல்லாமே வன்முறைதான் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் நிரப்புகிற படிவத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். நடத்தையைப் பழித்தல், வீட்டை விட்டு வெளியே விடாதது, இன்னாரைப் பார்க்கக் கூடாது என்பது, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவது, எல்லாம் அதில் அச்சிட்டே இருக்கும்.

பிறகு ஏன் நிறைய கேஸ் நிற்பதில்லை? பிரித்துச் சொன்னால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரிகிறது. முகம் கொடுக்கவில்லை என்றால், "எந்த வீட்டில்தான் இல்லை?" என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அதே 3-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. பார்க்க வைப்பது நம் வேலை. தேதி, இடம், சொன்ன வார்த்தை, வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் பால் கணக்கு மாதிரி அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். அந்த நோட்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், துணையை இப்படிக் கட்டுப்படுத்தி வைப்பதை 2015-இல் தனிக் குற்றமாக்கி, 5 ஆண்டு வரை சிறை என்றார்கள். இங்கேயும் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் அவசரமில்லை. ஜெயில் என்ற பேச்சு எழுந்ததுமே இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடி, சமாதானம் பேசி, அவளை அதே வீட்டுக்கு அனுப்பிவிடும். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கோர்ட் போடுகிற பாதுகாப்பு உத்தரவு முதலில் சீக்கிரம் கிடைக்கட்டும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்று ஏற்கெனவே இருக்கிறது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பதோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. சண்டை போடுவதாக இருந்தால் நான் இதற்குத்தான் போடுவேன்.

ஆண்களுக்கும் இது நடக்கிறது. அவர்கள் இந்தச் சட்டத்தில் மனு கொடுக்க முடியாது. மனக் கொடுமை என்று விவாகரத்து கேட்கலாம், அவ்வளவுதான். அது குறைதான்.

எல்லைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்று. பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டு, மனசு விட்டுப்போய் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டித் தாய்வீடு வந்தவள், திரும்ப அங்கே போய்த்தான் கேஸ் போட வேண்டும் என்று நினைக்கிறாள். தேவையில்லை. தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும், இங்கேயே மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு கொடுக்கலாம். இங்கே வாங்கிய உத்தரவு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் செல்லும், 27-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.