பார்த்தது ஒரு குற்றமா?

நேயர்களுக்கு வணக்கம். வட இத்தாலியில், பார்மா நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஃபொந்தனெல்லாத்தோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊர் நடுவே செங்கல் கோட்டை. சுற்றிலும் அகழி, அதில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. சான்விதாலே என்ற பிரபுக் குடும்பம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இடம் அது. 1948இல் கோட்டை ஊர்மன்றத்தின் கைக்கு வந்தது. அதனால்தான் நாமும் உள்ளே போக முடிகிறது.

கூடங்களையும் பிரபுக்களின் உருவப்படங்களையும் வேகமாகக் கடந்துவிடலாம். தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நிற்க வேண்டிய இடம் அதுதான். கலியாத்சோ சான்விதாலேயும் அவர் மனைவி பாவோலா கொன்சாகாவும் 1524 வாக்கில் பார்மிஜானினோ என்ற ஓவியரைக் கொண்டு அதைத் தீட்டச் செய்தார்கள். ஓவியருக்கு அப்போது வயது 21. அண்ணாந்து பார்த்தால் கொடிப்பந்தல், ரோஜா வேலி, குழந்தைகள், நடுவில் நீலவானம். வானத்தின் நட்டநடுவே ஒரு வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றி லத்தீனில் ‘முடிவை நோக்கு’ என்று எழுதியிருக்கிறது.

அந்தப் பந்தலுக்குக் கீழே, ஓவியத்தில், ஒரு கொடுமை நடக்கிறது. பழைய கிரேக்க, ரோமானியப் புராணக்கதை அது. வேட்டைக்கு வந்த அக்தையோன் என்பவன், வேட்டைத் தெய்வமான டயானா தேவி நீராடுவதைத் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான். அவள் தண்ணீரை அள்ளி வீசுகிறாள். அவன் தலை மான்தலையாகிறது. அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடித்துக் குதறுகின்றன.

சுவரில் ஓடும் வாசகம்தான் என்னை உலுக்கியது. அது தேவியையே கேள்வி கேட்கிறது: விதி இவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்றால், இவனை ஏன் நாய்களுக்கு இரையாக்கினாய்? குற்றம் செய்தவர்தானே தண்டனை பெற வேண்டும்? இப்படிப்பட்ட கோபம் தெய்வத்துக்கு அழகில்லை! ஒரு பிரபு தன் வீட்டுச் சுவரில் இதை எழுதவிட்டிருக்கிறாரே என்று வியந்து நின்றேன்.

அதே கோட்டையின் ஒரு கோபுரத்தில் ஓர் இருட்டறை உண்டு. பிற்காலச் சான்விதாலே ஒருவர் அமைத்தது. ஆடிகளும் பட்டகங்களும் வெளியே உள்ள சதுக்கத்தை உள்ளே திரையில் கொண்டுவந்து காட்டும். மின்சாரம் வேண்டாம், வெளிச்சம் போதும். நான் பார்த்தபோது ஓர் அம்மா மிதிவண்டியை நிறுத்தி, முந்தானை போல் தொங்கிய கழுத்துத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் அவரைப் பார்க்கிறோமே என்று கூச்சமாகிவிட்டது. கண்ணைத் திருப்பிக்கொண்டேன். படியிறங்கி மறுபடியும் அந்தச் சின்ன அறைக்கே போனேன்.