பேர் போடுகிறவர் யார்? மழை மாதங்களில் வாசித்த நாவல்கள்

[காட்சி: கோத்தகிரியில் ஒரு வீட்டின் சன்னல். வெளியே மழையில் நனையும் தேயிலைச் சரிவு. மேசையின் மேல் சில புத்தகங்கள்.]

வணக்கம். கடந்த ஆறு மாதங்களில் நான் ஐந்து நாவல்களை வாசித்தேன். எண்ணிக்கையில் இது பெரிதில்லை. ஆனால் அவற்றில் இரண்டை இருமுறை வாசித்தேன். ஒன்றைப் பாதிக்கு மேல் உரக்க வாசித்தேன். ஏன் உரக்க வாசிக்க நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாசிப்பதற்கு வாய்ப்பளித்தது மழைதான். நீலகிரியின் மேற்கே கூடலூரும் பந்தலூரும் தென்மேற்குப் பருவமழையில் ஆடி மாதத்திலேயே ஊறிவிடுகின்றன. கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கோ ஐப்பசி பிறந்தால்தான் அடைமழை. அந்த நாட்களில் சாலையில் மண் சரியும், மின்சாரம் போகும், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அடுப்படிக்கு அருகில் உட்கார்ந்து வாசிப்பதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது.

நாவலை வாசிக்கும்போது நான் தொடர்ந்து கவனிக்கும் ஒரு செய்தி உண்டு. கதை மாந்தர்கள் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள், அந்த வேலையின் கணக்கை எழுதுகிறவர் யார் என்பதையே நான் முதலில் தேடுகிறேன். இது ஒரு குறுகிய பார்வை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆயினும் இந்த ஐந்து நாவல்களில் எது நின்றது, எது உதிர்ந்தது என்பதை எனக்குக் காட்டியது அந்தப் பார்வைதான்.

[காட்சி: குறிஞ்சி பூத்த மலைச்சரிவின் நிழற்படம்.]

முதல் நாவல் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’. 1963-இல் வெளிவந்தது. மின்பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் படுகர்களின் வாழ்க்கையை அருகிருந்து கண்டு அவர் எழுதியது. ஜோகி என்னும் சிறுவனில் தொடங்கி, அவன் முதியவனாவது வரை கதை நீள்கிறது. இந்த நாவலில் காலம் நகர்வதைக் காட்டும் கடிகாரம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030 என்று எண்ணிப் பார்த்தால், ஒரு மனித ஆயுளில் ஐந்தாறு பூப்புகளுக்கு மேல் காண முடியாது என்பது புரியும். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையில் ஒரு குழந்தை பள்ளிப் பருவத்தைக் கடந்துவிடுகிறது, ஒரு காடு தோட்டமாகிவிடுகிறது.

பெரும்பாலோர் இந்த நாவலைப் பழைமையும் புதுமையும் மோதும் கதையாகப் பேசுவார்கள். இரண்டாம் வாசிப்பில் எனக்கு அது பாலிலிருந்து தேயிலைக்கு மாறிய ஒரு மக்களின் கதையாகத் தெரிந்தது. தொடக்கத்தில் எருமையும் சாமையும் ராகியும்தான் செல்வம். பாலைப் புனிதமாகக் கருதிய அந்தச் சமூகத்தில் பால் மனைக்குள் பெண்கள் நுழைவதில்லை. கறப்பதும் காப்பதும் ஆண்களின் பொறுப்பு. பிறகு உருளைக்கிழங்கு வருகிறது, தேயிலை வருகிறது, பணம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, குந்தா நீர்மின் திட்டமும் வந்து சேர்கிறது. பாலை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, கொழுந்தை நிறுக்கிறார்கள். தேயிலைக்குள் இறங்கும் கைகளோ பெரும்பாலும் பெண்களின் கைகள். ஆசிரியர் இதை எங்கும் வாதமாக எடுத்து வைக்கவில்லை. வேலைகளை மட்டும் பொறுமையாக எழுதிக்கொண்டே போகிறார். நாம்தான் பக்கங்களைத் திருப்பிச் சென்று அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

குறை ஒன்றும் உண்டு. இதை நானாகக் கண்டதாகச் சொல்ல முடியாது. அருகிலுள்ள ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் என் படுக நண்பர் சொன்னது. “எங்கள் பெரியவர்கள் இத்தனை இலக்கணமாகத் தமிழ் பேசினால் எங்களுக்கே சிரிப்பு வரும்” என்றார். அவருடைய வீட்டு மொழி படுகு. அதற்கென்று தனி ஓசையும் சிக்கனமும் உண்டு. நாவலின் உரையாடல்களில் அந்த ஓசை பல இடங்களில் கரைந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால், பால் மனையைப் பற்றிய பகுதிகளைத் தம் அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போவதாகச் சொல்லி என் பிரதியை வாங்கிச் சென்றவரும் அவர்தான். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.

[காட்சி: கூடையில் பச்சைக் கொழுந்து. தராசின் முள் நடுங்கி நிற்கிறது.]

இரண்டாவது நாவல், பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்ததன் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’. இரா. முருகவேள் மொழிபெயர்த்தது. டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறும் கருப்பனும் வள்ளியும், அந்த முன்பணத்தைக் கழிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் தோட்டத்தில் சிக்குண்டு கிடப்பதே கதை. குளிர், அட்டை, காய்ச்சல், மேஸ்திரி, வெள்ளைக்காரத் துரை எல்லாம் உண்டு. ஆனால் இந்த நாவலில் உண்மையான வில்லன் ஒரு கணக்குப் புத்தகம் என்பது என் எண்ணம். உழைக்க உழைக்கக் கடன் குறைய வேண்டும். அந்தப் புத்தகத்தில் மட்டும் அது வளர்கிறது.

‘குறிஞ்சித் தேன்’ சொந்த நிலத்தில் தேயிலை நட்டவர்களின் கதை. ‘எரியும் பனிக்காடு’ பிறர் நிலத்தில் தேயிலை பறித்தவர்களின் கதை. செடி ஒன்றுதான். முன்னதில் அது வருமானம், பின்னதில் அது கடன். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்திராவிட்டால், தினமும் நடந்துபோகும் சரிவில் எந்தச் செடி எந்தக் கதையைச் சேர்ந்தது என்று நான் யோசித்திருக்க மாட்டேன்.

இந்த நாவலைத்தான் உரக்க வாசித்தேன். கேட்டவர் என் அப்பாயி, அப்பாவின் அம்மா. அவர் பிறந்தது இலங்கையின் மலையகத்தில். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தாங்கள் பார்த்தேயிராத ‘தாயகத்துக்கு’த் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவராக 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர் அவர். அங்கும் தேயிலை, இங்கும் தேயிலை. கண்ணில் புரை விழுந்திருப்பதால் அவரால் இப்போது எழுத்துக்கூட்ட முடியவில்லை.

காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் பகுதிக்கு வந்தபோது அவர் என்னை நிறுத்தினார்.

“அதுக்குப் பேரு பெரட்டுப்பா. பெரட்டுக்குப் பிந்திப் போனா பேரு போட மாட்டாங்க” என்றார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்டேன். மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயராம். முழு நாள் வேலை செய்தால் முழுப்பேர். கொழுந்து குறைந்தாலோ, பாதியில் மழை பிடித்துக்கொண்டாலோ அரைப்பேர். “இந்த மாசம் எத்தனை பேரு?” என்று ஒருவர் கேட்டால், வீட்டில் எத்தனை ஆட்கள் என்பது பொருளில்லை, எத்தனை நாள் கூலி கிடைத்தது என்பதே பொருள். பேரேட்டில் பெயருக்கு எதிரே குறியிடுவதால் வந்த வழக்காக இருக்கலாம். ஆனால் ஒரு மனுசிக்குப் பாதிப் பெயர் மட்டும் போட முடியும் என்னும் அந்தச் சொல்லை, இந்த ஆறு மாதங்களில் வாசித்த எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை. அப்பாயியின் வாயிலிருந்துதான் அது வந்தது.

அதன் பிறகு நாவலை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். கருப்பனின் கடனைக் கடனாக மட்டும் பார்க்க முடியவில்லை. அவனுடைய பெயரையே வேறொருவர் எழுதுகிறார், அடிக்கிறார், பாதியாக்குகிறார் என்று தோன்றியது.

[காட்சி: வரிசையில் வைத்த குடங்கள்.]

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1970-களின் சென்னையில் நடப்பது. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு நடுவே ஜமுனா என்னும் பெண் தன் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறாள். மலையில் இருப்பவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்ன தெரியும் என்று சமவெளி உறவினர்கள் கேட்பார்கள். மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் குடங்கள் நிற்கும் வரிசையை அவர்கள் பார்த்ததில்லை. குடம் தூக்குவதும் ஒரு வேலைதான், அதற்கு யாரும் பேர் போடுவதில்லை என்பதை அசோகமித்திரன் குரலை உயர்த்தாமலே எழுதியிருக்கிறார்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. வெயிலில் மின்னும் உப்பின் வெண்மை கண்ணைக் கெடுப்பதையும், உப்புநீர் காலை அரிப்பதையும் குளிரில் போர்வைக்குள் இருந்துகொண்டு வாசிப்பது சற்றுக் குற்றவுணர்வு தரும் அனுபவம். இடையிடையே ஆசிரியரே முன்வந்து பேசிவிடுவதால், ‘குறிஞ்சித் தேன்’ அளவுக்கு இது என்னைப் பிடித்து வைக்கவில்லை.

ஐந்தாவதின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலைவாசத்தலத்தில் நடக்கும் காதல் கதை. பக்கத்துக்குப் பக்கம் மூடுபனி இறங்குகிறது. ஆனால் அந்தப் பனியில் விறகு நனைந்து அடுப்புப் புகைந்ததாக ஒரு வரி இல்லை, ஒருவர் காலும் வழுக்கவில்லை. நூறாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

[காட்சி: அடுப்படி. முதிய கைகளில் ஒரு தேநீர்க் குவளை. முகம் காட்டப்படவில்லை.]

‘எரியும் பனிக்காடு’ முடிந்த இரவில் அப்பாயி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கருப்பனும் வள்ளியும் ஊரை விட்டுக் கிளம்புகிற பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர்கள் என்னென்ன எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள் என்று கேட்டார். கதையில் இருந்ததைச் சொன்னேன். பிறகு தாம் கப்பலேறியபோது கொண்டுவந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். இரண்டு பித்தளைக் குடம், ஒரு தகரப் பெட்டி, அம்மிக்கல் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், குழவியை மட்டும் துணிக்குள் சுற்றி ஒளித்து எடுத்து வந்தது.

அந்தக் குழவி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் அம்மி இல்லாததால் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.