இங்கே வாங்கும் சேஃப்டி சர்டிபிகேட் சிங்கப்பூரில் செல்லுமா?

சரி, அடுத்த கேள்வி புதுவயலில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியது. படித்துவிடுகிறேன். "அண்ணே, என் தம்பி சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகப் பார்க்கிறான். 12,000 ரூபாய் கட்டி 2 நாள் வகுப்புக்கு வந்தால் சேஃப்டி சர்டிபிகேட் தருகிறேன், அதைக் காட்டினால் அங்கே இறங்கியதும் வேலை என்று ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். கட்டலாமா? என் வீட்டுக்காரர் 20 வருஷமாகக் கொத்தனார். இப்போது கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலையில் இருக்கிறார். நலவாரிய அட்டை வைத்திருக்கிறார். அதுவும் சேஃப்டி சர்டிபிகேட்தானா?"

தம்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பணம் கட்ட வேண்டாம், தங்கச்சி. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம்தான், சிஎஸ்ஓசி என்பார்கள். ஆனால் அது அங்கே போனபிறகு முடிக்க வேண்டியது. இறங்கிய 2 வாரத்துக்குள் வகுப்பில் உட்கார வேண்டும், 3 மாதத்துக்குள் தேற வேண்டும். தமிழிலேயே நடத்துகிறார்கள், நானும் உட்கார்ந்து எழுதியவன்தான். இங்கே கிடைக்கிற 2 நாள் காகிதத்தை அங்கே யாரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது வேறு. நம் பையன்கள் 'டெஸ்ட் அடிப்பது' என்று சொல்வார்களே, அது. பிசிஏ என்கிற அந்நாட்டுக் கட்டட ஆணையம் அங்கீகரித்த மையத்தில் செய்துகாட்டித் தேற வேண்டிய தொழில் தேர்வு. அது கை வேலைக்கான சான்று, பாதுகாப்புக்கானது அல்ல. இரண்டையும் குழப்பித்தான் காசு பார்க்கிறார்கள். ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இமைக்ரேட் என்கிற அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீதும் தர வேண்டும். பர்மா, மலாயா என்று கப்பல் ஏறிய காலத்தில் இருந்தே நம் பக்கத்தில் 'அக்கரை' என்றால் கேள்வி கேட்காமல் பெட்டி கட்டுகிற பழக்கம் உண்டு. ஏஜெண்டுக்கு அதுதான் முதலீடு.

அடுத்து வீட்டுக்காரர். நலவாரிய அட்டை பாதுகாப்புச் சான்று இல்லை. 18 வயதில் இருந்து 60 வயதுக்குள் இருந்து, வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருந்தால் அந்த அட்டைக்குத் தகுதி. பிள்ளைகள் படிப்பு, விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் வரும். புதுப்பிக்கிற தேதியை விட்டுவிடாதீர்கள். ஆனால் சாரம் கட்டத் தெரியுமா என்று வாரியத்தில் யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது, தமிழ்நாட்டு விதிகள் 2006இல் வந்தன. 2020இல் இயற்றிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலாகி, பழைய சட்டத்தை உள்ளே சேர்த்துக்கொண்டது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஹெல்மெட், குடிநீர், முதலுதவி எல்லாம் வேலை கொடுப்பவர் பொறுப்பு. ஆனால் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது பழைய சட்டத்தில் 500 பேருக்கு, புதியதில் 250 பேருக்கு. கானாடுகாத்தான் வீட்டில் மிஞ்சிப்போனால் 15 பேர் இருப்பார்கள். அங்கே மேஸ்திரிதான் எல்லாம்.

அதனால் காகிதத்தை விட்டுவிட்டு அந்த வீட்டுச் சாரத்தைப் பற்றிப் பேசலாம். புதுக் கட்டடத்தில் சுவரில் ஓட்டை விட்டுக் குறுக்குக் கம்பைச் சொருகிவிடுவோம், சாரம் சுவரோடு நிற்கும். செட்டிநாட்டு வீட்டில் அது முடியாது. கண்ணாடி மாதிரி மினுங்கும் பூச்சில் ஆணி அடித்தாலே வீட்டின் சொந்தக்காரர் அலறுவார். அது நியாயமும்கூட. அதனால் சவுக்குக் கம்பைச் சுவரில் சும்மா சாய்த்து நிறுத்தி வேலை பார்க்கிறார்கள். இப்படித்தான் ஒரு பழைய வீட்டில் நான் மேற்பார்வை பார்த்தபோது சாரம் சுவரை விட்டு வெளிப்பக்கமாக விலகியது. 12 அடிதான் உயரம். கூட வேலை பார்த்தவருக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. காலையில் அந்தச் சாரத்தை நானும் பார்த்தேன், ஆட்டிப் பார்க்கவில்லை.

இதற்கு வழி உண்டு. ஜன்னல் வழியாக ஒரு கம்பை விட்டு, உள்பக்கம் ஜன்னலைவிட நீளமான கட்டையைக் குறுக்கே வைத்து, துணி சுற்றிக் கட்டுங்கள். பூச்சுக்கு ஒன்றும் ஆகாது, சாரமும் நகராது. வெளியே சாய்வாக முட்டுக் கொடுங்கள். நிற்கிற பலகை நகராமல் கட்டியிருக்க வேண்டும், இடுப்பு உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பு வேண்டும். ஓட்டுக் கூரையில் ஏறினால் ஓட்டின் மேல் மிதிக்காமல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். பெல்ட் மாட்டும்போது 'பர்மா தேக்கு, யானையைக் கட்டலாம்' என்று உத்தரத்தை நம்பிவிடக் கூடாது. சுவருக்குள் போகிற முனையில் பல வருஷ மழைநீர் இறங்கி உளுத்திருக்கும், வெளியே தெரியாது.

இன்னொன்று சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றி நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் தொட்டிப் பக்கம் போகவே கூடாது. கண்ணில் பட்டால் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது, கசக்குவது எதுவும் வேண்டாம். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது 20 நிமிஷம் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் உடனே கண் ஆஸ்பத்திரி. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குடம் சுத்தமான தண்ணீர் எப்போதும் மூடி இருக்கட்டும், கை கழுவக்கூட அதை எடுக்கக் கூடாது.

தங்கச்சி, முடிந்தால் அந்தச் சாரத்தைத் தரையில் நின்று முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அடுத்து, தேவகோட்டையில் இருந்து ஒரு சென்டரிங் கேள்வி வந்திருக்கிறது.