ஞாயிறு இரவு மெயில்: ஊர்ப் பொதிகளோடு கொழும்புக்கு

வணக்கம் உறவுகளே. என்ன கதைக்கிறேன் என்று கேட்கிறதா? யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் நிற்கிறேன். பின்னால் அறிவிப்பு போய்க்கொண்டிருக்கிறது. சிங்களம் முடிந்தது, இனித் தமிழ், பிறகு ஆங்கிலம். கொஞ்சம் பொறுங்கள்... சரி, முடிந்தது.

கொழும்பில் வேலை, வீடு யாழ்ப்பாணத்தில், கிழமைக்குக் கிழமை எப்படித் தம்பி போய் வருகிறாய் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இன்றைக்குக் காட்டியே விடலாம் என்று கமராவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். எட்டு மணித்தியாலம் என்று சொல்லிக்கொள்வோம், பத்தும் ஆகும். ஞாயிறு இரவு மெயில் ரயிலில் ஏறினால் திங்கள் விடிய கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். வெள்ளி இரவு ஏறினால் சனி விடிய அம்மாவின் தேத்தண்ணி. இதுதான் என் கிழமை.

முதலில் பைகளைப் பாருங்கள். இந்தக் கறுப்புத் தோள்பை மட்டும்தான் என்னுடையது. உள்ளே மடிக்கணினி, இரண்டு சேட்டு, ஒரு சாரம். மற்ற மூன்றும் ஊருடையது. இந்த உரப்பைக்குள் சாவகச்சேரி மாமி தந்த பலாப்பழம், வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய மகளுக்கு. இந்தக் கார்ட்போர்ட் பெட்டி பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுடையது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம், வைக்கோல் வைத்து அடுக்கியிருக்கிறார், தெகிவளைக்குப் போகவேண்டும். மூன்றாவது, சோடாப் போத்தலில் நல்லெண்ணெய். அதற்கு மேல் மூன்று சொப்பிங் பை சுற்றியிருக்கிறது, பார்த்தீர்களா?

அந்த மூன்று பைக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு இதே போத்தலை ஒரேயொரு பையில் சுற்றி என் சேட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். உடையாமல் இருக்கட்டும் என்று நினைத்த என் மூளைதான். மூடி இறுகவில்லை. விடியக் கோட்டையில் இறங்கிப் பையைத் திறந்தால் இரண்டு சேட்டும் நல்லெண்ணெய்க் குளியல். அன்றைக்கு அலுவலகத்தில் நான் போன இடமெல்லாம் தோசை வாசம். ஒருவர் மெல்ல வந்து, "எங்கே தம்பி, சாப்பாடு ஏதாவது கொண்டுவந்தீரோ" என்று கேட்டார்.

கிழமைக்குக் கிழமை போகிறவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் முடிந்தது. "இதை மட்டும் ஒருக்கா குடுத்துவிடு ராசா." அந்த "மட்டும்" என்ற சொல்லின் நிறை எத்தனை கிலோ என்று எனக்குத்தான் தெரியும்.

வண்டி வந்துவிட்டது. காங்கேசன்துறையில் இருந்து வருவதால் சுன்னாகம், கோண்டாவில் ஆட்கள் ஏற்கெனவே வசதியாக இருப்பார்கள். ஏறிவிட்டுக் கதைக்கிறேன்.

...

சீட் கிடைத்துவிட்டது, யன்னல் கரை. பதிவு செய்த சீட்டுதான். 30 நாளுக்கு முன்பே பதிவைத் திறந்துவிடுவார்கள். நான் போனில் அலாரம் வைத்து, அடுத்த மாதத்து வெள்ளியையும் ஞாயிறையும் அன்றன்றே போட்டுவிடுவேன். நல்லூர்த் திருவிழா, பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு என்றால் அலாரமும் உதவாது, கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஒருமுறை அப்படித் தவறவிட்டு, பதிவில்லாத மூன்றாம் வகுப்பில், கழிவறைக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து மாகோ வரைக்கும் குந்தியிருந்து போனேன். அதைப் படமெடுக்கவில்லை. நல்லது.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போகலாம், இரவு பஸ் நிறைய ஓடுகிறது. பஸ்ஸில் இருக்கும் ஒரே நன்மை முறிகண்டி. இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு ஏறலாம். ரயிலில் முறிகண்டியை இருட்டுக்குள் கடந்துபோகும்போது யன்னலுக்குக் கை கூப்புவதுதான். ஆனால் மாதத்தில் நாலு தடவை போகிறவனுக்கு எழும்பி நடக்க இடம் வேண்டும். அதோடு, மூடின ஏசி பஸ்ஸுக்குள் பலாப்பழத்தோடு ஏறிப் பாருங்கள், கொழும்பு போய்ச் சேரும்போது உங்களோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

இப்போது வெளியே நாவற்குழி தாண்டுகிறது. இருட்டு, ஒன்றும் தெரியாது. சாவகச்சேரி, கொடிகாமம், பளை, பிறகு ஆனையிறவு.

வடக்கில் இந்தப் பாதையின் முதல் துண்டே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான் திறந்தது, 1902 இல். தெற்கோடு தொடுத்து முடித்தது 1905 இல். அதாவது கொழும்போடு பாதை தொடுபடுவதற்கு முன்பே குடாநாட்டுக்குள் கோச்சி, அதுதான் ரயில், ஓடியிருக்கிறது. அந்தக் காலத்துப் பலாப்பழமும் அதில் ஏறியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன், சாவகச்சேரிப் பக்கத்துத் தென்மராட்சி ஆட்கள் சும்மா கையை வீசிக்கொண்டு வரமாட்டார்கள்.

என் அப்பப்பா கொழும்பில் கிளாக்கர். அந்தத் தலைமுறையில் பாதி யாழ்ப்பாணம் அப்படித்தான். ஆள் கொழும்பில், குடும்பம் ஊரில், மாதம் பிறந்தால் மணியோடர் வரும். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு பகலிலும் வரலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் அப்பப்பாவுக்கு மெயில்தான் பிடிக்கும். பகலில் வந்தால் ஒரு நாள் வீண், இரவில் வந்தால் நித்திரைதானே வீண் என்பாராம். இதே கணக்கைத்தான் நானும் போடுகிறேன். அவர் போகும்போது பனங்கிழங்கும் பனாட்டும், வரும்போது கோட்டைக்குப் பக்கத்தில் புறக்கோட்டையில் வாங்கின புடைவைத் துணியும். அப்பம்மாவுக்கு மட்டும் இல்லை, பாதி அயலட்டைக்கு.

பிறகு 1990 ஜூனில் போரால் ரயில் நின்றது. 24 வருடம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. என் மாமா கொழும்புக்குப் போக இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, அங்கால் சைக்கிளிலும் லொறியிலும் வவுனியாவுக்குப் போனவர். அதற்கு எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டால் இன்றைக்கும் சிரிப்பாரே ஒழியச் சொல்லமாட்டார்.

நான் பிறந்தது 1995. எங்கள் செட்டுக்கு ரயில் என்றால் சினிமாவில் வருகிற சாமான். 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு மறுபடி வண்டி வந்தபோது எனக்கு 19 வயது. புங்கன்குளத்துப் பக்கம் கடவையில் போய் நின்றோம். இந்தியக் கம்பனி புதிதாகப் போட்ட பாதை, கல்லெல்லாம் பளபளவென்று கிடந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டு வண்டி வந்தது பாருங்கள், எங்களை விட அந்த ஒழுங்கை நாய்கள்தான் பயந்தன. வாலைச் சுருட்டிக்கொண்டு வேலிக்குள் ஒரே ஓட்டம். பாவம், அவையும் கோச்சி பார்க்காத தலைமுறை.

ஆனையிறவு வந்துவிட்டது. போனை வெளியே நீட்டமாட்டேன், கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் கடல்நீர், உப்புக் காற்று முகத்தில் ஒட்டுகிறது. நாக்கால் உதட்டைத் தொட்டால் தெரியும்.

...

இப்போது வவுனியா தாண்டிவிட்டது. மெதுவாகக் கதைக்கிறேன், எல்லோரும் நித்திரை. சற்று முன்பு ஒரு கூத்து நடந்தது. வண்டி சடாரென்று பிரேக் பிடிக்க, சீட்டுக்குக் கீழே வைத்த உரப்பை அவிழ்ந்து, பலாப்பழம் உருண்டு இரண்டு வரிசை தள்ளிப்போய் ஒருவரின் சப்பாத்தில் முட்டி நின்றது. இராணுவத்து அண்ணை, லீவில் குருநாகலுக்குப் போகிறார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க முதல் அவர் குனிந்து பழத்தைத் தட்டிப் பார்த்து, "மல்லி, வரகத, வெலத?" என்றார்.

எனக்குச் சிங்களம் அரைகுறை, "மல்லி" என்றால் தம்பி. ஆனால் இது விளங்கிவிட்டது, ஏனென்றால் நாங்கள் "வருக்கன்" என்கிற இறுகின சுளைப் பழத்தைத்தான் அவர்கள் "வரக" என்கிறார்கள். "வெல" என்றால் சுளை குழைகிற எங்கள் கூழன். "வருக்கன்" என்றேன். தலையாட்டினார். பிறகு இருவருமாக உரப்பை வாயைக் கட்டினோம். அவர் போட்ட முடிச்சைப் பாருங்கள், இதை நான் வெள்ளவத்தையில் கத்தியால்தான் வெட்டவேண்டிவரும்.

இடையில் ஒரு விஷயம். இது ஒற்றைப் பாதை. பொல்காவலை வரைக்கும் எதிரில் வண்டி வந்தால் ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நின்று வழிவிட்டுத்தான் போகவேண்டும். அதனால்தான் எட்டு பத்தாகிறது. 2023 இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் மூடினார்கள், அடுத்த வருடம் மாகோப் பக்கம். அந்த நாட்களில் நானும் பஸ்தான். ஆனால் வேலை முடிந்த பிறகு ஆட்டம் குறைந்தது உண்மை. முன்பு அந்தத் துண்டில் போத்தல் தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனால் காதுக்குப் போகும்.

மாகோவில் கொஞ்ச நேரம் நிற்கும். மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதை பிரிகிற இடம். அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நானும் படுக்கப்போகிறேன். அம்மா கட்டித் தந்த புட்டும் சம்பலும் பளை வருமுன்பே முடிந்துவிட்டது, அதையும் படமெடுக்க மறந்துவிட்டேன்.

...

காலை வணக்கம். கோட்டை. கண்ணைப் பார்த்தால் தெரியும், நித்திரை எவ்வளவு என்று.

இங்கே பக்கத்து மேடைகளைப் பாருங்கள். வேயாங்கொடை, கம்பஹா, ராகமைப் பக்கமிருந்து வருகிற சனம். ஒவ்வொரு நாளும் நின்றபடி வந்து, பின்னேரம் நின்றபடி போகிறவர்கள். ஒருவரும் யன்னலால் வெளியே பார்க்கவில்லை. உண்மையாகச் சொன்னால் அவர்களின் பயணம்தான் கஷ்டம் என்று எனக்குப் படுகிறது. என்னுடையது நீளம், அவ்வளவுதான். நான் கிழமைக்கு இரண்டு இரவு தருகிறேன், அவர்கள் ஒவ்வொரு நாளும் தருகிறார்கள்.

இனிக் கரையோர ரயில். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல். சன நெரிசலுக்குள் பலாப்பழத்தை மடியில் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். எதிரில் இருக்கிற அம்மா மூக்கைச் சுளிக்கிறாரா, வாசம் பிடிக்கிறாரா என்று தெரியவில்லை.

...

வெள்ளவத்தை. மாமியின் மகள், எனக்கு அக்கா, ஆட்டோவில் வந்து நிற்கிறார். முடிச்சு அவிழவில்லை, சொன்னேன்தானே, உரப்பையோடுதான் கொடுத்தேன். "அம்மா கூழனைத் தந்துவிட்டாவோ?" என்று முதல் கேள்வி. வருக்கன் அக்கா, இராணுவமே பரிசோதித்துவிட்டது என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

கையோடு எனக்கும் ஒரு பை தந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாமியிடம் கொடுக்கவேண்டுமாம். மூட்டுவலி மாத்திரை, ஒரு சட்டைத் துணி, குக்கர் மூடிக்குப் போடுகிற ரப்பர் வளையம் ஒன்று. அது சாவகச்சேரியில் வாங்க முடியாத சாமானா என்று கேட்டேன். "அங்க வாங்கினா இறுகுதில்லையாம், நீ இதை மட்டும் கொண்டு போ" என்கிறார்.

சரி உறவுகளே, மாம்பழம் பின்னேரம் தெகிவளைக்குப் போகும். நல்லெண்ணெய் சொட்டும் சிந்தவில்லை, சேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்பது மணிக்கு அலுவலகம், முதலில் குளிக்கவேண்டும். வெள்ளி இரவு மெயிலில் சந்திப்போம்.