நயீமா

நேயர்களுக்கு வணக்கம்.

சாக்ஸபோன் என்றதும் நமக்குக் கத்ரி கோபால்நாத்தின் நினைவுதான் வரும். அதே கருவியை வாசித்த இன்னொருவரைப் பற்றி இன்று பேசலாமென்று வந்தேன். ஜான் கோல்ட்ரேன், அமெரிக்க ஜாஸ் கலைஞர். 1926இல் வட கரோலினாவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், சில மாதங்களுக்குள் தாத்தாவையும் தந்தையையும் பறிகொடுத்தவர்.

வளர்ந்து பெயர் வாங்கும் நேரத்தில் ஹெராயின் பிடித்துக்கொண்டது. கூடவே குடி. மேடையிலேயே தூங்கி வழிகிற நிலை. அவர் வாசித்துவந்த ஜாஸ் குழுவின் தலைவர், ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், 1957இல் அவரை நீக்கினார். அதில் தவறு சொல்ல முடியாது.

கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் தாயார் இருந்த வீட்டுக்குத் திரும்பினார். மருத்துவமனை இல்லை, மாற்று மருந்து இல்லை. போதையை விட்டொழிக்க ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாயாரும் மனைவி நயீமாவும் கொண்டுவந்து கொடுத்தது தண்ணீர் மட்டும் என்கிறார்கள். உள்ளே ஒருவர் உடல் முறுக்கித் துடிக்க, வெளியே டம்ளருடன் நின்ற அந்த இரு பெண்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மீண்டு வந்தவருக்குக் குருவாக வாய்த்தவர் பியானோ மேதை தெலோனியஸ் மங்க். காலையில் அவர் வீட்டுக்கே போய்த் தூக்கத்திலிருந்து எழுப்புவாராம் கோல்ட்ரேன். மங்க் எழுந்து நேரே பியானோவில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குவார். இவர், அந்த இசை தமக்குப் பிடிபடும் வரை கூடவே வாசிப்பார். நம் குருகுலத்திலும் இப்படித்தானே கற்றார்கள்!

1959இல் பதிவு செய்த 'ஜெயன்ட் ஸ்டெப்ஸ்' இசைத்தட்டில் வீட்டு மனிதர்களின் பெயர்களே உருப்படிகளாயின. ஒன்று மேரிக்கு; ஆங்கிலத்தில் 'கசின்' என்று பொதுவாகச் சொல்லி, நாம் அத்தை மகள், பெரியம்மா மகள் என்று பிரித்துச் சொல்வோமே, அந்த முறை. ஒன்று நயீமாவின் மகள் சையீதாவுக்கு. ஒன்று நயீமாவுக்கு. வேகத்துக்குப் பெயர்போன அந்தத் தட்டில் நயீமாவின் பெயரிட்ட உருப்படி மட்டும் மெல்ல நடக்கும். அடியில் பேஸ் என்னும் பெரிய தந்திக்கருவி நெடுநேரம் ஒரே சுரத்தில் நிற்க, நம் சுருதிப்பெட்டி போல, மேலே சாக்ஸபோன் மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பாடும்.

அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1963இல் பிரிந்தார்கள், 1966இல் மணமுறிவு.

அதே 1966 மே மாதம் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் கோல்ட்ரேன் வாசித்தார். பியானோவில் இருந்தவர் அப்போதைய வாழ்க்கைத் துணை ஆலிஸ். அன்றைய ஒலிப்பதிவில் முதலில் வருவது 'நயீமா'.